ஒரு பிடி கரம்பை

ஆலங்குளம்
20.2.2005

புரோக்கர் பரசுராமன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் உலகம்மாள். உங்களுக்கு என்னைத் தெரியாது. இருங்காட்டுக்கோட்டையில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற கோமதிநாயகத்தின் வீட்டுக்காரி. படப்பைக்குப் பக்கத்தில் குபேரன் நகர், மனை எண் இருபத்தேழுக்கு அவர் போன வாரம் உங்களிடம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். உங்கள் விசிட்டிங் கார்டை எனக்கு அனுப்பியிருந்தார். முன்பக்கம் பிள்ளையார், பின்பக்கம் உங்கள் விலாசம். அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் குதிப்பார். போன் பண்ணலாம் என்றால் எங்கள் ஊரில் எஸ்டிடி பூத் வைத்திருப்பது அவருடைய சித்தப்பா. நான் பேசிவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் விஷயம் மாமியார் காதில் இருக்கும்.

எங்கள் பக்கம் இடம் வாங்குவதற்கு முன்னால் அந்த இடத்து மண் ஒரு பிடி எடுத்துவந்து, குலதெய்வம் சாஸ்தா காலடியில் வைத்து உத்தரவு கேட்பது வழக்கம். அதற்காக இவர் ஒரு கவரில் மண்ணைப் போட்டு அனுப்பினார். கூட ஒரு கடிதம். "மண்ணு நம்ம ஊர் கரம்பை மாதிரி மெத்து மெத்துனு கெடக்கு. எதைப் போட்டாலும் வெளையும் பாத்துக்கோ" என்று ஒரே சந்தோஷம்.

கரம்பை என்றால் உங்கள் பக்கம் என்ன சொல்வீர்களோ தெரியாது. குளம் வற்றியதும் அடியிலிருந்து வெட்டி எடுக்கிற கறுப்பு வண்டல். வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்போம். இவர் விவசாயி வீட்டுப் பிள்ளை. நல்ல மண் என்றால் நல்ல இடம் என்று நினைத்துவிட்டார். வீடு கட்டப் போகிறவனுக்கு விளைகிற மண் எதற்கு ஐயா?

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. ஏரி எங்கே இருக்கிறது?

பங்குனி உத்திரத்தன்று ரிஜிஸ்டர் என்று நாள் குறித்திருக்கிறார். அதற்குள் பதில் வேண்டும். இந்தக் காசு அவர் ஓவர்டைம் பார்த்து, நான் பீடி சுற்றிச் சேர்த்தது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. அவர் அங்கே ஒரு ரூமில் ஐந்து பேரோடு இருக்கிறார். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் மட்டும் வருவார். போன பொங்கலுக்கு வந்தபோது எங்கள் மகள் சுகப்பிரியா, ஐந்து வயசு, அவரைப் பார்த்து, "நீங்க எப்ப உங்க வீட்டுக்குப் போவீங்க?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு மாட்டுத்தொழுவத்துப் பக்கம் போய்விட்டார். வருகிற ஜூன் மாதம் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் ஆசை.

இப்படிக்கு,
கோ. உலகம்மாள்


படப்பை
28.2.2005

அன்புள்ள சகோதரி அவர்களுக்கு,

பரசுராமன் எழுதுவது. தங்கள் கடிதம் கிடைத்து மகிழ்ச்சி. இருபத்திரண்டு வருட புரோக்கர் தொழிலில் எனக்கு இன்லேண்டு லெட்டர் போட்ட முதல் பார்ட்டி தாங்கள்தான்.

சந்தேகம் வருவது இயற்கை. குபேரன் நகர் எங்கள் முதலாளியின் ஐந்தாவது லேஅவுட். இருபதடி, முப்பதடி ரோடு. ஒரகடம் மெயின் ரோட்டிலிருந்து பொடி நடையாகப் பத்து நிமிஷம். ஷேர் ஆட்டோ வசதி. பக்கத்தில் ஸ்கூல் வரப்போகிறது. கம்பெனிகள் இந்தப் பக்கம் இறங்க இறங்க, மூன்று வருஷத்தில் விலை மூன்று மடங்கு. ஞாயிறுதோறும் தாம்பரத்திலிருந்து இலவச வேன், மதிய உணவு உண்டு. தங்கள் கணவர் சைட் பார்க்க வந்த அன்று சிக்கன் பிரியாணி. அவரைக் கேட்டுப் பாருங்கள்.

ஏரி அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காற்று நன்றாக வரும்.

கிணறு வெட்டினால் பதினைந்தடியில் தண்ணீர். இதைவிட என்ன வேண்டும்? ஆகவே மனதைக் குழப்பிக்கொள்ளாமல் நல்ல நாளில் பதிவை முடித்துவிடுவோம்.

தங்கள் உண்மையுள்ள,
பரசுராமன்


ஆலங்குளம்
7.3.2005

ஐயா,

பிரியாணியைப் பற்றி அவரே எழுதினார். கறி வேகவில்லையாம்.

ஏரி அரை கிலோமீட்டர் தள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மாசத்தில் அளந்தது? சித்திரையிலா, கார்த்திகையிலா?

இவர் அனுப்பிய மண்ணை நான் இன்னும் சாஸ்தாவிடம் கொண்டுபோகவில்லை. அவருக்கு ஆயிரம் வேலை. நானே பார்த்தேன். தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்டினேன். துணியில் என்ன நின்றது தெரியுமா? மிளகு அளவில் நத்தைக்கூடு, ஒன்றல்ல, ஒன்பது. நாலு கோரைக்கிழங்கு. வடித்த வண்டலை வீணாக்க மனசில்லாமல் தலைக்குத் தேய்த்துக் குளித்தேன். கரம்பைக்கு மேல் தலைக்கு ஒரு மருந்து கிடையாது. முடி பட்டு மாதிரி வந்தது. அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் என்ன ஷாம்பு என்று கேட்டார்கள். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தலைக்கு நல்லதாக இருக்கிற மண்ணில் அஸ்திவாரம் நிற்காது ஐயா. வெயிலில் பிளக்கும், மழையில் கொழகொழத்துப் போகும். அது ஏரியின் வயிறு.

அவரிடம் எழுதினேன். "நீ பாக்காமலே சொல்லாத. நூறு பேரு வாங்கியாச்சு, எல்லாவனும் மடையனா?" என்று பதில் வந்தது. அவர் ஆசையை நான் குற்றம் சொல்லமாட்டேன். அந்த ரூமில் கிடந்து பார்த்தால்தான் தெரியும். ஆனால் நீங்கள் புரோக்கர். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உங்களுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையை இருபத்தேழாம் மனையில் குடிவைப்பீர்களா? ஆமாம் என்று ஒரு வரி எழுதுங்கள். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

உலகம்மாள்


ஆலங்குளம்
16.3.2005
(தபால் கார்டு)

ஐயா, பதில் வரவில்லை. உத்திரத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான். ஒரு வரி போதும் என்றுதான் கேட்டேன்.

உலகம்மாள்


படப்பை
21.3.2005

அம்மா,

அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அதனால்தான் தாமதம்.

எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன். உங்கள் கடிதம் வந்த மறுநாள் தனியாக சைட்டுக்குப் போனேன். ஞாயிறுதோறும் வேனில் ஆள் கூட்டிக்கொண்டு போகிற இடம். பார்ட்டிகளுக்குக் கொடியையும் ஆர்ச்சையும் காட்டுவேன், கீழே பார்க்க விடமாட்டேன். அன்றைக்குத்தான் நானே கீழே பார்த்தேன். செருப்பு முனையால் கிளறினால் போதும், நத்தைக்கூடு வந்தது. மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் வந்து நிற்கிற அந்த இடத்துக்கு ஊர்க்காரர்கள் இன்றைக்கும் ஏரி உள்வாய் என்றுதான் சொல்கிறார்கள். ரோட்டுக்கு மட்டும் செம்மண் அடித்திருக்கிறார் முதலாளி. லேஅவுட்டுக்கு அப்ரூவல் கிடையாது. பாதி மனைகளுக்குப் பட்டாவும் கிடையாது. உங்கள் மனை அந்தப் பாதியில் வருகிறது.

நேற்று இருங்காட்டுக்கோட்டைக்குப் போய், கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடத்தில் உங்கள் வீட்டுக்காரரைப் பிடித்தேன்.

"தம்பி, அந்த மனை உனக்கு வாணாம்பா" என்றேன்.

"ஏன் வேண்டாம்?"

"பேப்பர் சரியா இல்ல. இன்னாத்துக்கு ரிஸ்க்கு? வுட்டுடு."

"போன வாரம் வரைக்கும் சரியா இருந்த பேப்பரு இன்னைக்கு எப்படிச் சரியில்லாமப் போச்சு? எவன் கூடக் குடுக்கான்னு நேராச் சொல்லும்" என்று கத்தினார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அட்வான்ஸை அவர் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டேன். உங்கள் பெயரை நான் எடுக்கவில்லை. சட்டைப் பையில் உங்கள் தபால் கார்டு இருந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். எனக்கு ஒரு மகள். கட்டிக்கொடுத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் மனை காட்டிய நானும் என் மனைவி ராஜம்மாவும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். அந்த இருபத்தேழாம் மனையை முதலாளி எனக்குச் சும்மா தருகிறேன் என்று ஒருமுறை சொன்னார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அங்கே நான் விற்ற மனைகள் பதினொன்று. அந்தப் பதினொரு பேரில் ஒருத்தரும் உங்களைப்போல் என்னைக் கேட்கவில்லை.

பரசுராமன்


ஆலங்குளம்
29.3.2005

பரசுராமன் அண்ணாச்சிக்கு,

இனிமேல் உங்களை ஐயா என்று எழுத வரவில்லை.

இவர் உங்களைத் திட்டி நாலு பக்கம் எழுதியிருக்கிறார். முன்னும் பின்னும் எழுதி ஓரத்திலும் எழுதியிருக்கிறார். படிக்கப் படிக்க எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, சந்தோஷத்தில். மாமியார் பார்த்துவிட்டு, "எம்மா, மவனுக்கு என்னமும் ஆச்சா?" என்று பதறிவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் அழுகிறேன் என்று சொல்ல முடியுமா?

கையில் வந்த கமிஷனை விட்டுவிட்டு, பத்துப் பேர் முன்னால் திட்டும் வாங்கியிருக்கிறீர்கள். முகம் தெரியாத ஒருத்திக்காக. இதற்கு நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. உங்களுக்கும் ராஜம்மா மதினிக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று விளக்கேற்றும்போதெல்லாம் சொல்கிறேன்.

ஆனால் விட்டுவிடமாட்டேன். பொல்லாத இடத்தைக் காட்டத் தெரிந்தவருக்கு நல்ல இடம் தெரியாமல் இருக்குமா? எங்களுக்கு ஒன்று பார்த்துக் கொடுங்கள். எந்த இடமானாலும் மண் ஒரு பிடி வர வேண்டும். அந்த மனுஷன் கோபத்தில் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். அதற்கு ஒரு வழியையும் நீங்களே பாருங்கள்.

அன்புடன்,
உலகம்மாள்


படப்பை
20.4.2005

அன்புள்ள தங்கச்சிக்கு,

எங்கள் பக்கம் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர் என்று அர்த்தம். ராஜம்மா, "யாருக்கு இன்னா பாக்கி வெச்ச?" என்று கேட்டாள். பரவாயில்லை, அப்படியே கூப்பிடு.

இத்துடன் மூன்று பொட்டலம் வைத்திருக்கிறேன். போஸ்டாபீசில் கவரைத் தடவிப் பார்த்துவிட்டு "இன்னா சார் இது?" என்றார்கள். திருநீறு என்று சொல்லிவிட்டேன். பொய்தான். பழக்கதோஷம்.

ஒன்றாம் பொட்டலம் சாலமங்கலம் பக்கம். இரண்டாவது ஒரகடம் தாண்டி. மூன்றாவதில் எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது காலி மனை இல்லை, படப்பையிலேயே கட்டின வீடு. ஸ்கூல் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், மகனோடு வேலூருக்குப் போகிறார். கட்டின வீடு என்றால்தான் ஜூனுக்குள் குடி வர முடியும். விலை குபேரன் நகர் மனையில் வீடு கட்டினால் ஆகிறதைவிடக் குறைவுதான்.

எப்போதும் நிறைகளைத்தான் சொல்வேன். இந்த முறை குறைகளை மட்டும் எழுதுகிறேன். வாசல் தெற்கு பார்த்தது. அதனால்தான் ஒரு வருஷமாக விற்கவில்லை. ஒரு ஹால், ஒரு ரூம், சின்ன சமையற்கட்டு. கிணற்றுத் தண்ணீர் உப்பு, குடிக்க லாரித் தண்ணீர்தான். சமையற்கட்டு மூலையில் மழைக்கு ஒழுகுகிறது, வாத்தியார் சொல்லவில்லை, நான் கறையைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் எல்லாரையும் பார்த்துக் குரைக்கும். தெருவில் விளக்கு இல்லை. பட்டா இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தம். அதற்குமேல் உன் கையில்.

உன் வீட்டுக்காரருக்கு ஒரு வழி பண்ணியிருக்கிறேன். ஒரகடம் ரோட்டில் டீக்கடை நடேசன் எனக்கு வேண்டியவர். உன் ஆள் லீவு நாளில் அங்கேதான் டீ குடிக்கிறார். நடேசன் தானாகச் சொல்வது மாதிரி இந்த வீட்டைப் பற்றிச் சொல்வார்.

அன்புடன்,
பரசுராமன்


ஆலங்குளம்
27.4.2005

அண்ணாச்சிக்கு,

ஒன்றாவது மண்ணில் பருத்தி போடலாம். வேண்டாம். இரண்டாவது தண்ணீரில் கரைத்ததும் பசைமாவு ஆகிவிட்டது. வேண்டாம்.

மூன்றாவதைக் கரைக்கவே முடியவில்லை. சிவந்த சரளை. தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் ஓடுகிறது. தலைக்குத் தேய்த்தால் தோல் உரிந்துவிடும். இதுதான் வீடு.

தெற்கு வாசலா? எங்கள் ஊரும் தெற்கேதான் இருக்கிறது. ஊர்ப்பக்கம் முகம் வைத்து நிற்கிற வீட்டை நான் எப்படி வேண்டாம் என்பேன்? ஒழுகுகிற மூலையில் ஒரு சட்டியை வைத்துக்கொள்கிறேன். நாய் குரைக்கட்டும்.

நேற்று இவரிடமிருந்து கடிதம். டீக்கடைக்காரர் ஒருத்தர் நல்ல மனுஷராம். புரோக்கர் பயலுவ மாதிரி இல்லையாம். ஒரு வீடு சொல்லியிருக்கிறாராம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

உங்களைத் திட்டுவதை நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது அண்ணாச்சி. அது ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது.

உலகம்மாள்


படப்பை
11.12.2005

பரசுராமன் அண்ணாச்சிக்கு,

உங்கள் உத்திரமேரூர் விலாசத்தை நடேசன் அண்ணனிடம் கெஞ்சி வாங்கினேன். நாங்கள் வந்து ஆறு மாதமாகியும் நீங்கள் படப்பையிலேயே இல்லை என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. போன வாரம்தான் எல்லாம் சொன்னார்.

அந்த அட்வான்ஸை உங்கள் முதலாளி திருப்பித் தரவில்லையாமே. உங்கள் கைக்காசைத்தான் என் வீட்டுக்காரர் கையில் திணித்தீர்களாமே. அப்புறம் நீங்கள் குபேரன் நகரில் மனை வாங்கிய பதினொரு பேர் வீட்டுக்கும் போய், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கலெக்டருக்கு மனு எழுதவைத்து, சாட்சிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தீர்களாம். "என் சோத்தத் துன்னுகினு எனக்கே குழி தோண்றியா?" என்று முதலாளி உங்களை ஆபீசைவிட்டு வெளியே தள்ளினாராம். மற்ற புரோக்கர்களும் உங்களைச் சேர்க்காததால்தான் ஊரைவிட்டே போனீர்களாம். இதில் ஒரு வரிகூட நீங்கள் எனக்கு எழுதவில்லை. தங்கச்சி என்று எழுதினால் போதுமா?

ரிஜிஸ்டர் ஆபீசில் நாம் பார்த்துக்கொண்டது நினைவிருக்கிறதா? வாத்தியார் பக்கத்தில், வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. விற்கிறவருடைய புரோக்கர் நீங்கள்தான் என்று தெரிந்ததும் இவர் முகம் சுண்டிப்போனது. "வணக்கம்மா" என்றீர்கள், முன்பின் தெரியாதவர்போல. நானும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு தலையாட்டினேன். இவர் கமிஷன் கவரை நீட்டியபோது, "வாங்குற பார்ட்டிகிட்ட வாணாம்பா, வாத்தியார் குடுத்துட்டார்" என்று படியிறங்கிப் போய்விட்டீர்கள். பின்னாலேயே ஓடிவந்து உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். புருஷனுக்குப் பயந்து நின்றேன். அன்றைக்கு நின்றதற்காக என்னை மன்னித்துவிடுங்கள். பால் காய்ச்சியபோது உங்களுக்கென்று ஒரு டம்ளர் எடுத்து வைத்தேன். யாருக்கு என்று இவர் கேட்டார். பக்கத்து வீட்டுக்கு என்றேன். அதை நாய்க்குத்தான் ஊற்றினேன், வேறென்ன செய்ய? இப்போது அது எங்களைப் பார்த்துக் குரைப்பதில்லை.

இந்த வருஷத்து மழையைத்தான் பார்க்கிறீர்களே. எங்கள் தெருவில் ஓடிய தண்ணீர் முதல் படியைத் தொட்டுவிட்டு வடிந்துவிட்டது. சமையற்கட்டு மூலை மட்டும் நீங்கள் சொன்ன மாதிரியே ஒழுகியது. சொன்ன இடத்தில் சட்டி இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை இவர் குடையை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். திரும்பும்போது குடை கையில் இருக்கிறது, ஆள் முழுக்க நனைந்திருக்கிறார். தலையைக்கூடத் துவட்டாமல் உட்கார்ந்தார்.

"குபேரன் நகருக்குப் போனேன்ட்டி" என்றார். "ஆர்ச்சு மட்டும்தான் தெரியுது. இருபத்தேழு எங்க இருக்குன்னே தெரியல. பரிசல் உட்டுத்தான் போவணும்." சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். அப்புறம், "அந்த மனுசன் பஸ்ஸுகிட்ட நின்னு சொன்னாரு. நான் ஏசுனேன். அவர எங்க இருந்தாலும் கண்டுபிடிக்கணும்" என்றார்.

நான் எழுந்துபோய் டிரங்குப் பெட்டியிலிருந்து உங்கள் கடிதங்களை எடுத்து இவர் மடியில் போட்டேன். ஒன்றுவிடாமல் படித்தார். டீக்கடை நடேசன் வந்த இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திரும்பவும் படித்தார். கடைசியில், "ஆக, வீடு வாங்குனது நீங்க ரெண்டு பேரும். நான் கையெழுத்துப் போட்டதோட சரி" என்று சிரித்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

அண்ணாச்சி, சுகப்பிரியா இங்கேதான் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். இவர் ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "அப்பா, எப்ப நம்ம வீட்டுக்கு வருவீங்க?" என்று கேட்கிறாள். தினமும் கேட்கிறாள். தினமும் எனக்கு உங்கள் நினைப்பு வருகிறது. நன்றி என்கிற வார்த்தையை எழுதிப் பார்த்தேன், போதவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். நன்றி அண்ணாச்சி.

இவர் ரூமில் கூட இருந்த காசிராஜனும் மாரிமுத்துவும் இடம் தேடுகிறார்கள். பரசுராமன் காட்டினால்தான் வாங்குவோம் என்று நிற்கிறார்கள். உங்கள் விலாசத்தை இவரே நாலு பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கவரில் இருக்கிற பணம் உங்களுடையது, அன்று கையில் திணித்தது. திருப்பி அனுப்பினால் இவர் நேரில் வந்து ஏசுவாராம்.

பொங்கலுக்கு நீங்களும் மதினியும் இங்கே வர வேண்டும். எங்கள் சொந்த வீட்டில் முதல் பொங்கல். வராவிட்டால் பானையை அடுப்பில் ஏற்றமாட்டேன்.

உங்கள் தங்கச்சி,
உலகம்மாள்


உத்திரமேரூர்
27.12.2005

அன்புள்ள தங்கச்சி உலகம்மாளுக்கும் மாப்பிள்ளை கோமதிநாயகத்துக்கும்,

கடிதத்தை ராஜம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை அவளே வாங்கிப் படித்தாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு மனையும் வீடும் முடித்துக் கொடுத்திருக்கிறேன். ரிஜிஸ்டர் ஆபீஸ் படிக்கட்டோடு எங்கள் உறவு முடிந்துவிடும். கவரை வாங்கியதும் நாங்கள் வேண்டாதவர்கள். ஒருத்தரும் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டதில்லை. நான் அதைக் குறையாகவும் நினைத்ததில்லை, புரோக்கர் என்றால் அப்படித்தான் என்று இருந்தேன். எனக்கு ஒரு டம்ளர் பால் எடுத்து வைத்தாய் என்று படித்ததும் கடிதத்தை மடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

நீ எனக்கு நன்றி சொல்கிறாய். நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும். நீ அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால், இந்த மழையில் பன்னிரண்டு குடும்பம் என் பெயரைச் சொல்லி வயிறெரிந்திருக்கும். பதினொரு பேரில் மூன்று பேருக்குப் பணம் திரும்பிவிட்டது. மீதிப் பேருக்கு மனு போய்க்கொண்டிருக்கிறது. விசாரணை வைத்தால் நான் போய்விடுகிறேன். ஏழு பேர் இன்னும் என்னைப் பார்த்தால் திட்டுகிறார்கள், ஆனால் டீ வாங்கிக் கொடுத்துத் திட்டுகிறார்கள்.

பணம் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளைக்குப் பயந்து வைத்துக்கொண்டேன்.

காசிராஜனுக்கும் மாரிமுத்துவுக்கும் இரண்டு இடம் பார்த்திருக்கிறேன். பொட்டலம் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

மூன்று என்று ஒன்று இருக்கும். அது எந்தப் பார்ட்டிக்கும் இல்லை. இந்த ஊரில் ஒரு சின்ன மனை வருகிறது, அரை கிரவுண்டுகூட வராது. ராஜம்மா பெயரில் வாங்கலாமா என்று யோசனை. பேப்பரெல்லாம் நானே பார்த்துவிட்டேன். சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் மனசு திக்திக் என்கிறது. ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவன், எனக்கென்று வாங்கும்போது கை வரமாட்டேன் என்கிறது. முதல் வீடு வாங்குகிறவர்கள் முகத்தில் இதைத்தான் இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன் என்று இப்போதுதான் புரிகிறது.

நீ பார்த்துச் சொல்லு தங்கச்சி. உன் பதில் வராமல் டோக்கன் கொடுக்கமாட்டேன். பொங்கலுக்கு இரண்டு பேரும் வருகிறோம். பானையை ஏற்று.

பரசுராமன்


படப்பை
5.1.2006

அண்ணாச்சிக்கு,

பொங்கலுக்கு வருகிறீர்கள் என்றாலும் அதுவரை உங்களுக்குத் தூக்கம் வராது என்று இவர் சொன்னார். அதனால் உடனே எழுதுகிறேன்.

காசிராஜன் இடம் நல்ல இடம். மாரிமுத்து இடம் வேண்டாம், நாலு நத்தைக்கூடு இருக்கிறது. வேறு பாருங்கள்.

மூன்றாவது பொட்டலத்தை மூன்று முறை கரைத்தேன். இவரும் பக்கத்திலேயே உட்கார்ந்து துணியைப் பிடித்துக்கொண்டார். நத்தை இல்லை, கோரை இல்லை. வெறும் சரளை. தலைக்கும் ஆகாது, வயலுக்கும் ஆகாது. அதில் ஒரு கத்தரிச்செடிகூட வராது.

தைரியமாக வாங்குங்கள். பால் காய்ச்சுகிற அன்றைக்குப் பத்திரிகை வந்தாலும் வராவிட்டாலும் நாங்கள் மூன்று பேரும் வந்துவிடுவோம்.

உலகம்மாள்